நாலு பருவத்துக்கும் ஒரு தறப்பாள்

1

இந்தக் கதை எனக்குள் ஊறி வந்தது, பல நாள் என்னைத் தூங்கவிடவில்லை என்றெல்லாம் புளுகப் போவதில்லை. இது ஓர்டருக்குச் செய்த கதை. பலேர்மோவில், ஸ்தாசியோனே சென்ட்ராலே ரயில் நிலையத்துக்குப் பின்பக்கம் எனக்கு ஒரு சின்னக் கடை இருக்கிறது. போனுக்குக் கண்ணாடி மாற்றுவேன், போட்டோக்கொப்பி எடுப்பேன், பெர்மெஸ்ஸோ என்கிற வதிவிட அனுமதியைப் புதுப்பிக்கிற படிவம் நிரப்புவேன், குவெஸ்தூரா பொலிஸ் கந்தோருக்குக் கடிதம் எழுதுவேன். இடையில் எப்போதாவது கதையும் எழுதுவேன். எங்கள் ஆட்களுக்கு இதெல்லாம் ஒரே வேலைதான், எழுத்து வேலை.

மார்ச் மாதக் கடைசியில் பேரின்பநாயகம் வந்து கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். படிவம் ஏதோ என்று நினைத்துப் பேனையை எடுத்தேன்.

"அண்ணை, ஒரு கதை எழுதித் தாங்கோ."

"என்ன கதை?"

"மனிசி வாசிச்சுப்போட்டு வாறன் எண்டு சொல்லுற மாதிரி ஒண்டு."

"எங்கை வாறது?"

"தறப்பாளுக்குக் கீழை."

பேரின்பநாயகம் துறைமுகத்தில் நாப்போலிக்கு ஓடுகிற கப்பல்களின் அறைகளைத் துப்புரவாக்குகிறவர். வயது ஐம்பது. 2007இல் வன்னியில் இருந்து வெளிக்கிட்டவர். மனைவி நிசாந்தி ஏழு வருசம் கழித்து வந்து சேர்ந்தார். நிசாந்திக்கு வயதான ஓர் இத்தாலிய அம்மாவை, சிஞ்ஞோராவை, அவர் வீட்டிலேயே தங்கிநின்று பார்க்கிற வேலை. பேரின்பநாயகம் பிரான்காச்சோப் பகுதியில் இன்னும் ஐந்து பேரோடு ஒரு பிளாட்டில் இருக்கிறார். பிள்ளைகள் இல்லை. ஏன் இல்லை என்பது இந்தக் கதையின் வேலை இல்லை, உங்கள் வேலையும் இல்லை. ஆக, இருவருக்கும் குடும்ப வாழ்க்கை என்று இருப்பது ஞாயிற்றுக்கிழமை மட்டும். அதுவும் ஐந்து ஆம்பிளைகள் கோழி வதக்கிக்கொண்டும் கிரிக்கெட் பார்த்துக்கொண்டும் இருக்கிற வீட்டில்.

போன வருசத்து ஈஸ்டர் திங்களோடு அதுவும் போயிற்று. பேரின்பநாயகத்துக்குத் தறப்பாள் பைத்தியம் பிடித்துக்கொண்டது. ஞாயிறு விடிந்தால் கூரையாகக் கட்டுகிற ஒரு பச்சைத் தறப்பாளைப் பைக்குள் சுருட்டிக்கொண்டு பிக்குட்ஸா காட்டுக்குப் போகிறார். நிசாந்தியையும் வா என்கிறார். "தறப்பாளுக்குக் கீழை நான் வரமாட்டன்" என்கிறார் நிசாந்தி. அதற்கு மேல் ஒரு சொல் இல்லை. லீவு நாளிலும் சிஞ்ஞோரா வீட்டிலேயே நின்றுவிடுகிறார். ஒரு வருசமாகப் புருசனும் பெண்சாதியும் நேரில் சந்தித்தது கலியாண வீட்டிலும் சாமத்திய வீட்டிலும் செத்த வீட்டிலும் மட்டும்தான். மற்றபடி போன்.

"காட்டை விட்டுப்போட்டு வீட்டிலை நில்லுமன்" என்றேன்.

"வீட்டிலை அஞ்சு பேருக்கு முன்னாலை என்னத்தைக் கதைக்கிறது, அண்ணை? அங்கை எண்டால் ஒருத்தரும் இல்லை. தறப்பாளைக் கட்டினால் அது ஒரு அறை மாதிரி. எங்களுக்கு எண்டு ஒரு அறை."

அதைச் சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, போட்டோக்கொப்பி மெசினைப் பார்த்தார். ஐம்பது வயது மனுசன் வெட்கப்பட்டதைக் கண்டதும் நான் ஓம் என்றுவிட்டேன். வருகிற ஈஸ்டர் திங்கள் நிசாந்தி காட்டுக்கு வரவேண்டும். இந்தக் கதைக்கு இருக்கிற ஒரே வேலை அது. இலக்கியம் கிடைத்தால் அது கொசுறு.

2

முதல் தொடக்கம் இப்படி வந்தது:

மழை கொட்டிக்கொண்டிருந்தது. தறப்பாளின் கிழிசல் வழியே விழுந்த ஒவ்வொரு துளியும் அவளுக்கு ஒரு

ஒரு என்ன? அதோடு நிறுத்தினேன். வன்னி ஆளையும் தறப்பாளையும் ஒரே வசனத்தில் வைத்தால் போதும், வாசகர் லேஞ்சியை எடுத்துக் கண்ணருகில் பிடித்துக்கொண்டு காத்திருப்பார். எடுத்த லேஞ்சியை மடித்து வையுங்கள். தேவைப்பட்டால் சொல்கிறேன்.

இரண்டாம் தொடக்கம்:

தறப்பாளைத் தொட்டதும் பேரின்பநாயகத்தின் நினைவுகள் அலை அலையாய்

வரவில்லையாம். கேட்டேன். "அப்ப நல்ல பசி, அண்ணை" என்றார்.

மூன்றாவது தொடக்கம்தான் உருப்பட்டது. கீழே வருவது அது.

ஈஸ்டருக்கு அடுத்த திங்கள் பலேர்மோ முழுவதும் ஊரைப் பூட்டிவிட்டு இறைச்சி சுடப் போய்விடும். கப்பலில் கூட வேலை செய்கிற சால்வோவும் இன்னும் மூன்று பேரும் பேரின்பநாயகத்தையும் வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு பிக்குட்ஸாவுக்குப் போனார்கள். சால்வோ புதிதாக ஒரு காம்பிங் தறப்பாள் வாங்கி வந்திருந்தான். பச்சை நிறம், பட்டுச் சேலை போல மெல்லிசு. நாலு இத்தாலியர்கள் நாலு மூலையைப் பிடித்து நாலு பக்கம் இழுத்தார்கள். அரை மணித்தியாலம் போனது. தறப்பாள் ஒரு தரம் சால்வோவின் தலையில் விழுந்தது, ஒரு தரம் மரத்தில் போய்த் தொங்கியது. வானம் கறுத்துக்கொண்டு வந்தது.

பேரின்பநாயகத்துக்குப் பொறுக்கவில்லை. மரத்துக்குப் பின்னால் ஒதுங்கிப் போய் வந்தார். பிறகு, விடு, நான் பார்க்கிறேன் என்று தறப்பாளை வாங்கினார். இரண்டு மரங்களுக்கு நடுவே முகட்டுக் கயிற்றை இழுத்தார். காற்று வந்த பக்கத்தைப் பதித்துத் தாழ்த்தினார், மற்றப் பக்கத்தை உயர்த்தினார். கால் மணித்தியாலத்தில் ஒரு கொட்டில் நின்றது. வண்டியில் கிடந்த மண்வெட்டியை எடுத்துச் சுற்றிவர ஒரு சாண் ஆழத்தில் வாய்க்கால் வெட்டினார், தண்ணீர் ஓட.

கை அதோடு நிற்கவில்லை. கொட்டிலுக்கு மூன்று அடி தள்ளி ஒரு குழி தோண்டத் தொடங்கியது. நீளமாகத் தோண்டி, முனையில் ஒரு வளைவு. முழங்காலளவு போனபிறகுதான் என்ன செய்கிறேன் என்று அவருக்கே தெரிந்தது. பங்கர். எங்கள் ஆட்களுக்குத் தறப்பாள் கட்டினால் பக்கத்தில் பங்கர் வெட்டவேண்டும். அதை யாரும் யோசித்துச் செய்வதில்லை.

சால்வோ எட்டிப் பார்த்தான். "பிராவோ, பேரி! அடுப்பு!" என்று கத்தினான். கரியைக் கொட்டி நெருப்பு மூட்டி, பங்கருக்கு மேல் கம்பித் தட்டை வைத்து சல்சிச்சா சொசேஜ்களை வரிசையாக அடுக்கினார்கள்.

[இந்த இடத்தில் 'பேரின்பநாயகத்தின் கண்கள் கலங்கின' என்று எழுதியிருந்தேன். வாசித்துக் காட்டியதும், "இல்லை அண்ணை, நான் மூண்டு சல்சிச்சா சாப்பிட்டனான்" என்றார். மூன்றும் நல்ல ருசியாம். வெட்டிவிட்டேன்.]

சாப்பிட்டு முடிய மழை வந்தது. அக்கம்பக்கத்தில் இருந்த கூடாரங்களுக்குள் எல்லாம் வெள்ளம். இவர்களுடைய கொட்டிலுக்குள் ஒரு சொட்டு இல்லை. நனைந்துபோன ஒரு குடும்பம் நாயோடு வந்து ஒதுங்கியது. "மயெஸ்த்ரோ!", ஆசானே, என்று சால்வோ பேரின்பநாயகத்தின் முதுகில் அறைந்தான். எங்கே பழகினாய் என்று எல்லாரும் கேட்டார்கள்.

"வன்னியில். இரண்டு வருசம் இப்படித்தான் இருந்தேன்" என்றார் பேரின்பநாயகம்.

மயெஸ்த்ரோவுக்கு அந்தத் தறப்பாளையே பரிசாகக் கொடுத்துவிட்டான் சால்வோ.

3

கதை இங்கே கொஞ்சம் நின்று பாடம் நடத்தும். அவசரக்காரர்கள் நாலாம் பகுதிக்குப் போகலாம், நான் கோபிக்கமாட்டேன்.

ஒரே தறப்பாளை ஒரே மாதிரிக் கட்டிவிட்டு வருசம் முழுக்க இருக்கமுடியாது. இதை எனக்கு விளங்கப்படுத்த பேரின்பநாயகம் என் கடைக்குள்ளேயே மேசை விரிப்பைக் கட்டிக் காட்டினார். படிவம் நிரப்ப வந்த இருவர் திரும்பிப் போனார்கள்.

ஓகஸ்ட் வெயிலில் தறப்பாளைப் பதித்துக் கட்டினால் அது கூரை இல்லை, பாண் சுடுகிற போறணை. ஆள் உயரத்துக்கு மேலே தூக்கவேண்டும். அதற்கும் மேலே ஒரு சாண் விட்டு இன்னொரு துணி. இரண்டுக்கும் நடுவே காற்று ஓடினால் கீழே இருக்கிற ஆளுக்கு உயிர் வரும்.

மாரி மழைக்குச் சரிவு வேண்டும். தண்ணீர் நிற்க இடம் கொடுத்தால் அது தொட்டில் கட்டிப் படுத்துவிடும். நனைந்த தறப்பாள் இளகும், முதல் மழையோடு எழும்பி எல்லாக் கயிற்றையும் இன்னொரு தரம் இறுக்கவேண்டும். முகட்டுக் கயிற்றில் பிடித்துக்கொண்டு தண்ணீர் உள்ளே நடந்து வரும். அதற்குக் கொட்டிலுக்கு வெளியே, கயிற்றில், ஒரு சின்ன நூல் துண்டைக் கட்டித் தொங்கவிட வேண்டும். தண்ணீர் அதோடு இறங்கிவிடும்.*

ஜனவரியில் வடக்கிலிருந்து காற்று வரும்போது முதுகைக் காட்டவேண்டும். தறப்பாளின் விளிம்பு நிலத்தில் கிடக்கவேண்டும், மேலே கல். போன ஜனவரியில் மூலையில் இருந்த கயிற்று வளையம் பிய்ந்து போனது. அதற்கு மருந்து, தேசிக்காய் அளவில் ஒரு கல்லைத் தறப்பாள் துணிக்குள் வைத்துப் பொதிந்து அதன் கழுத்தில் கயிற்றைக் கட்டுவது. துணி கிழிந்தாலும் அந்தக் கட்டு விடாது.

பிறகு தெற்கிலிருந்து வருகிற சிரோக்கோக் காற்று. ஆபிரிக்காவின் புழுதி முழுவதும் ஏதோ எங்களைத் தேடித்தான் வருகிறது. மழையும் சேர்ந்தால் வானத்தில் இருந்து சேறு விழும். வாசலைத் தெற்குக்குக் காட்டக்கூடாது, பின்னேரம் காற்று திரும்பும் என்பதால் ஒரே இழுவையில் அவிழ்கிற முடிச்சாகப் போட்டிருக்கவேண்டும்.

"இவ்வளவும் எப்பிடித் தெரியும்?" என்று கேட்டேன்.

"அது... கை போற போக்கு, அண்ணை."

நம்பினேன். கை போகிற போக்கு என்று யார் சொன்னாலும் எழுத்தாளர்கள் உடனே நம்பிவிடுவார்கள். எங்கள் பிழைப்பே அதில்தான் ஓடுகிறது.

* கடை ஷட்டருக்கு மேலே ஓடுகிற வயரில் நூல் கட்டிப் பார்த்தேன். ஏழு வருசமாக உள்ளே ஒழுகியது நின்றுவிட்டது.

4

இனி நிசாந்தி ஏன் வரவில்லை என்று எழுதவேண்டும். பேரின்பநாயகத்தைக் கேட்டால், "பயம் போலை. சண்டைக்குள்ளை பட்டது தானே" என்றார். எனக்கு அது போதும். மூன்று பக்கம் எழுதித் தள்ளினேன். நிசாந்தி தறப்பாளைக் கண்டால் நடுங்குவதாகவும், பச்சை நிறத் துணியே வாங்குவதில்லை என்றும், 'அன்று அந்தக் கொட்டிலில்' என்று தொடங்கி எட்டுப் புள்ளி வைத்தும் எழுதினேன். எழுதிய நானே லேஞ்சியைத் தேடினேன்.

அந்த மூன்று பக்கத்தையும், கூடவே மேலே நீங்கள் வாசித்ததையும், பேரின்பநாயகத்துக்குச் சொல்லாமல் நிசாந்திக்கு வாட்ஸப்பில் அனுப்பினேன். ஏன் அனுப்பினேன்? பாராட்டுவார் என்று நினைத்தேன். வேறு என்ன.

மறுநாள் மத்தியானம், சிஞ்ஞோரா சாப்பிட்டுப் படுக்கிற நேரத்தில், மூன்று குரல் பதிவுகள் வந்தன.

"வணக்கம் அண்ணை. வாசிச்சனான். நான் நடுங்குறன் எண்டு ஆர் உங்களுக்குச் சொன்னது? போன கலியாண வீட்டுக்கு நான் கட்டி வந்த சீலையும் பச்சை தான். 'அன்று அந்தக் கொட்டிலில்' எண்டுபோட்டுப் புள்ளி புள்ளியா விட்டிருக்கிறியள். அதுக்குள்ளை என்ன நடந்தது எண்டு எனக்கே தெரியேல்லை. உங்களுக்குத் தெரிஞ்சால் சொல்லுங்கோ."

"அவர் ரெண்டு வருசம் இருந்தவராமோ? தொண்ணூத்தாறிலை வன்னிக்கு வந்த புதுசிலை மூண்டு கிழமை தறப்பாளுக்குக் கீழை இருந்தவர். பிறகு மாமா கிடுகாலை கூரை போட்டுட்டார். சண்டைக்குள்ளை பதினொரு இடம் மாறிப் பதினொரு தரம் கட்டினது நான். மாரியிலை நான். வெயிலிலை, செட்டிகுளம் முகாமிலை, நான். அவர் இஞ்சை கப்பல் கழுவிக்கொண்டிருந்தவர். அது பிழை எண்டு நான் சொல்லேல்லை."

"மரத்துக்குப் பின்னாலை ஒதுங்கினவர் எண்டு எழுதியிருக்கிறியள். அவர் என்னட்டைப் போன் எடுத்தவர் அண்ணை. எந்தப் பக்கத்தைப் பதிக்கிறது எண்டு கேட்டவர், சொன்னனான். வளையம் பிஞ்சாப்போலை கேட்டவர், கல்லு வைச்சுக் கட்டுறதைச் சொன்னனான். இப்பவும் கேக்கிறார், சொல்லுறன். பிழையாக் கட்டினால் எனக்குப் பொறுக்காது. ஆனால் அண்டைக்கு மழை விட்டாப்போலை வீடியோ கோலிலை எடுத்து எல்லாருக்கும் என்னைக் காட்டினார். உங்களுக்கும் உது கட்டத் தெரியுமோ எண்டு அந்த சால்வோ கேட்டவர். நான் வாய் திறக்க முந்தி இவர் சிரிச்சுக்கொண்டு, 'லெய் குச்சினா' எண்டார். அவ சமைப்பா எண்டு. எனக்கு இத்தாலியன் விளங்காது எண்டு நினைச்சாரோ தெரியாது. அவ்வளவு தான் அண்ணை. வேறை நடுக்கம் கிடுக்கம் ஒண்டும் இல்லை."

நான் மூன்றையும் இரண்டு தரம் கேட்டேன். பிறகு என் மூன்று பக்கங்களையும் எடுத்துப் போட்டோக்கொப்பி மெசினுக்குப் பக்கத்தில் கிடந்த கழிவுத்தாள் பெட்டிக்குள் போட்டேன். இத்தனை நாளாகக் கதைக்குப் பிழையான ஆளைப் பிடித்துக்கொண்டு அவர் பின்னால் காடு மேடெல்லாம் அலைந்திருக்கிறேன்.

5

நிசாந்தியை வைத்து எழுதட்டுமா என்று கேட்டேன். ஒரு நிபந்தனையோடு விட்டார். "செத்த ஆக்களைப் பற்றி ஒரு வரி வந்தாலும் மிச்சத்தை வாசிக்கமாட்டன். அது கதைக்கு இல்லை." வரவில்லை, பாருங்கள்.

நிசாந்தி கட்டிய முதல் தறப்பாள் விழுந்தது. இரண்டாவதும் விழுந்தது. மூன்றாவதற்கு முன்னால் ஒரு லொறிக்காரன் சாமான் மூட்டைகளை வரிந்து கட்டுவதைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஒரே இழுவையில் அவிழ்கிற முடிச்சு அவனிடம் களவெடுத்தது. மாரி தொடங்கியபோது ஐந்தாவது. கயிற்றில் நூல் கட்டுகிற வித்தை அங்கே பிடிபட்டது, அதுவும் தற்செயலாக, ஈரத் துவாயைக் கயிற்றில் காயப்போட்டதால். ஏழாவது கொட்டிலுக்குள் தண்ணீர் வரவில்லை. அதைக் கண்டு பக்கத்துச் சனம் வந்து கூப்பிட்டது. எட்டாவதிலிருந்து அவர் தன்னுடையதைக் கட்டிவிட்டு மற்றவர்களுடையதையும் கட்டப் போனார். எத்தனை என்று எண்ணவில்லையாம்.

செட்டிகுளத்தில் ஆடி வெயில். பழைய சேலைகளைத் தைத்து ஒரு சாண் இடைவெளியில் மேலே விரித்தார். மத்தியானத்தில் பெண்கள் எல்லாரும் நிசாந்தியின் கொட்டிலுக்குத்தான் வந்தார்கள். அங்கே பெயர் பதிகிற ஓர் அலுவலர் இருந்தார். சனத்தை நாய் மாதிரி விரட்டுகிறவர். அவருடைய கந்தோர்க் கொட்டில் ஒழுகியதால் நிசாந்தியைப் பிடித்து வந்து கட்டச் சொன்னார். நிசாந்தி அழகாகக் கட்டிக் கொடுத்தார். எவ்வளவு அழகு என்றால், மழை வந்தபோது உள்ளே எங்கும் ஒழுகவில்லை, அவருடைய கதிரையில் மட்டும் ஒழுகியது. கதிரையைத் தள்ளிப் போட்டார். அங்கேயும் ஒழுகியது.

[இதைச் சொல்லும்போது நிசாந்தி சிரித்து, சிஞ்ஞோரா எழும்பிவிடுவா என்று வாயைப் பொத்திக்கொண்டார். பதிவில் பொத்திய சிரிப்பும் இருக்கிறது.]

கடைசிப் பதிவை அப்படியே எழுதுகிறேன். இதில் கை வைக்க எனக்குத் துணிவில்லை.

"அண்ணை, ஒண்டு சொல்லுறன். எழுதினாலும் எழுதுங்கோ. அந்த நேரத்திலை வேறை ஒண்டும் என்ரை கையிலை இருக்கேல்லை. இது மட்டும் எனக்கு நல்லா வந்தது. அதை நினைச்சுச் சந்தோசப்படவும் வெக்கமாக் கிடக்கு, அந்த நேரத்திலை உனக்கு என்ன சந்தோசம் எண்டு. அதாலை ஒருத்தருக்கும் சொன்னதில்லை. அவருக்கு மட்டும் தான் சொன்னனான். அவர் அதைக் கொண்டுபோய் அவங்களுக்கு முன்னாலை தன்ரை எண்டுட்டார்."

6

பக்கங்களைப் பேரின்பநாயகத்திடம் கொடுத்தேன். நின்றபடியே வாசித்தார். வாசித்து முடிந்தபிறகும் கடைசித் தாளைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"உது வேண்டாம். வெட்டுங்கோ."

"பொய்யோ?"

"பொய் இல்லை." கதிரையில் இருந்தார். "பதினெட்டு வருசம் அந்தத் துறைமுகத்திலை நிக்கிறன். பேரி இஞ்சை வா, பேரி அதைத் துடை. அண்டைக்குத்தான் ஒருத்தன் என்னை மயெஸ்த்ரோ எண்டான். இப்பவும் கப்பலிலை அப்பிடித்தான் கூப்பிடுறாங்கள். கப்டன் கூட ஒருக்கால் கூப்பிட்டவர். அதை நான் என்ரை வாயாலை திருப்பிக் குடுக்கவேணுமோ, அண்ணை?"

அவர் மேல் கோபப்படத் தயாராக இருந்தேன், முடியவில்லை. எனக்கும் யாராவது மயெஸ்த்ரோ என்றால் அது யாருடைய முடிச்சு என்று முதலில் விசாரிக்கவா போகிறேன்?

முடிவைப் பற்றிப் பேசினோம். அவருடைய யோசனை: நிசாந்தி வருகிறார், கொட்டிலைப் பார்க்கிறார், அழுகிறார், இவர் கையைப் பிடிக்கிறார். எழுதி நிசாந்திக்கு அனுப்பினேன். கட்டைவிரல் கீழே பார்க்கிற படம் ஒன்று வந்தது.

என்னுடைய யோசனை: அவர் கட்டிய கொட்டில் காற்றில் சரிகிறது, நிசாந்தி ஓடிவந்து நிமிர்த்துகிறார், சால்வோ அவரை மயெஸ்த்ரா என்கிறான், எல்லாரும் கைதட்டுகிறார்கள். எனக்கு இது நன்றாகப் பிடித்திருந்தது. நிசாந்தி சொன்னார்: "அப்ப லீவு நாளிலையும் போய் நான் தான் கட்டிக் குடுக்கவேணும். என்ன அண்ணை நீங்கள்."

மூன்றாவதாக, தறப்பாளைத் தூக்கி எறிந்துவிட்டுப் பேரின்பநாயகம் திரும்பி வீட்டுக்கு

"அப்ப அறை?" என்றார் பேரின்பநாயகம். அந்த வசனம் அங்கேயே நிற்கிறது.

7

இன்று சனிக்கிழமை. காலையில் கடையைத் திறக்கிறபோதே பேரின்பநாயகம் வாசலில் நின்றார்.

"திங்கள் நான் கட்டமாட்டன், அண்ணை. பைக்குள்ளை இருக்கும். மழை எண்டுதான் சொல்லுறாங்கள். என்ன மயெஸ்த்ரோ பாத்துக்கொண்டு நிக்கிறாய், கட்டு எண்டு சால்வோ கேப்பான். அப்ப உண்மையைச் சொல்லப்போறன்."

"என்னெண்டு?"

"அது தெரியேல்லை. அந்த நேரம் வாய் வந்தால் சரி."

"நிசாந்தி வராட்டில்?"

"வராட்டிலும் சொல்லுவன்." ஷட்டரைத் தூக்க எனக்குக் கை கொடுத்தார். "வந்தால் தான் கஷ்டம், அண்ணை. அவவுக்கு முன்னாலை அண்டைக்கு அப்பிடிச் சொல்லிப்போட்டு, திரும்ப அவவுக்கு முன்னாலையே... வந்தால் நான் சிலவேளை சொல்லாமலும் விட்டிடுவன். ஆனால் வரவேணும்."

இதை எழுதவா என்று கேட்டேன். எழுதுங்கோ என்றார். முதல் தரமாக, வெட்டச் சொல்லவில்லை.

இவ்வளவு நேரம் கூட வந்த வாசகரே, மன்னியுங்கள். நான் இன்னொருவருக்கு எழுதிய கடிதத்தை நீங்கள் அவர் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்திருக்கிறீர்கள். பார்த்ததில் தவறில்லை, ஆனால் முடிவு உங்களுக்கு இல்லை.

நிசாந்தி, இனி நான் எழுதுவது உங்களுக்கு. திங்கள் காலை ஒன்பது மணிக்கு சால்வோவின் வான் ஸ்தாசியோனே சென்ட்ராலே முன்னால் நிற்கும். பேரின்பநாயகம் உங்களுக்கென்று ஓர் இருக்கை பிடித்து வைத்திருப்பார். அவர் சொல்லுவார் என்று நான் உறுதி தரமாட்டேன். மழையில் நனைந்துகொண்டு, வாயைத் திறந்து, வேறு ஏதாவது உளறவும் கூடும். நீங்கள் போகாவிட்டால், பின்னேரம் அவர் போன் எடுத்து, சொல்லிவிட்டேன் என்பார். சால்வோவைக் கேட்டால் அவனும் சிநேகிதனுக்காக ஓம் என்பான். என்னைக் கேட்டால் நான் அதைவிட அழகாக ஒன்று சொல்லுவேன், என் தொழில் அது. எங்கள் மூன்று பேரையும் நம்பவேண்டாம். அந்த மனுசன் என்ன சொல்கிறார் என்று உங்கள் காதால் கேளுங்கள். வேறு யார் கேட்டு வந்து சொன்னாலும் அது வெறும் கதை.